நாள் தள்ளிப்போன இரண்டு வாரங்கள்

மனிதக் கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகத் தொடங்குவது, கருவுற்று ஏறத்தாழ 18 நாள் கழித்து. அவற்றின் முதல் வடிவம் மூடிக்கொண்டு முழுமை பெறுவது 28ஆம் நாள் வாக்கில். வீட்டுப் பெண்கள் வைத்திருக்கும் மாதக் கணக்கில் சொன்னால், நாள் தள்ளிப்போன நாலைந்து நாளில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் முடிந்துவிடுகிற வேலை அது. அந்த இரண்டு வாரமும் கருவுற்றவள் பஸ் பிடித்து வேலைக்குப் போய் வந்திருப்பாள். வெயிலில் அலைந்ததால் தள்ளிப்போயிருக்கும் என்று நினைத்திருப்பாள். முறை தவறி வருகிறவளுக்குச் சந்தேகம்கூட எழுந்திருக்காது. கல்யாண வீட்டில் யாரோ ஒரு அத்தை "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்க, "இல்லைங்க அத்தை" என்று அவள் உண்மையாகவே பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவள் வயிற்றுக்குள் ஒரு மனித மூளைக்கு அடித்தளம் போட்டு முடிந்திருக்கும்.

அறிவதற்கென்றே இருக்கிற உறுப்பு, யாரும் அறியாத நாட்களில் உருவாகிவிடுகிறது. கருவியலில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இந்த ஒன்றுதான்.

மூன்றாம் வாரக் கரு ஒரு தட்டையான தகடு. மூன்று அடுக்குச் செல்கள், நீளம் இரண்டு மில்லிமீட்டருக்குள். நடுக்கோட்டில், மேலடுக்குக்கு அடியில், முதுகுநாண் என்ற மெல்லிய கம்பி ஓடுகிறது. அதற்கு நேர் மேலே இருக்கும் செல்கள் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டு உயர்ந்து, தடித்து நிற்கத் தொடங்குகின்றன. தலைப்பக்கம் அகன்றும் வால்பக்கம் குறுகியும் இருக்கும் இந்தப் பரப்புக்கு நரம்புத் தட்டு என்று பெயர். பிறகு அதன் நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. இரு ஓரங்களும் எழும்புகின்றன. தாம்பூலத்துக்கு வெற்றிலையை நடுநரம்போடு மடிக்கிறபோது இரண்டு பக்கமும் ஒன்றை நோக்கி ஒன்று வருமே, அப்படி.

வெற்றிலையை மடிக்க விரல் வேண்டும். இங்கே வெளியிலிருந்து எந்த விரலும் இல்லை. பள்ளம் விழுகிற இடத்தில் ஒவ்வொரு செல்லின் மேல்முனையிலும் ஆக்டின் என்ற புரத இழைகள் வளையமாக இருக்கின்றன. அந்த வளையம் சுருங்கும்போது செல்லின் தலை குறுகி, அடி அகன்று, செல் ஆப்பு வடிவத்துக்கு வருகிறது. ஒரு செல் ஆப்பானால் ஒன்றுமில்லை. பக்கத்துப் பக்கத்துச் செல்கள் எல்லாம் ஆப்பானால் தகடே வளைந்துதான் ஆகவேண்டும். முழு வளைவு எப்படி இருக்கும் என்று அவற்றில் எதற்கும் தெரியாது. தன் தலையைச் சுருக்குவது மட்டுமே ஒவ்வொன்றின் வேலை.

22ஆம் நாள் வாக்கில், பின்னாளில் கழுத்து அமையப்போகிற இடத்தில் இரண்டு ஓரங்களும் முதன்முதலாகத் தொட்டுக்கொள்கின்றன. இதயம் துடிக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே நாளில். தொட்ட இடத்திலிருந்து மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் மூடல் நகர்கிறது. தலைப்பக்கத்து வாய் 25ஆம் நாள் அளவில் அடைபடுகிறது. வால்பக்கத்து வாய் அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து. தட்டு மடிந்து உருவான இந்த நரம்புக் குழல் அதுவரை இரு முனையும் திறந்தது. கருவைச் சூழ்ந்த பனிக்குடநீர் உள்ளே புழங்குகிறது. வாய்கள் அடைபடும்போது அந்த நீரில் கொஞ்சம் உள்ளே சிக்கிக்கொள்கிறது. குழலின் உட்குழிவு பிறகு அகன்று, கிளைத்து, மூளையின் நீர் அறைகளாகவும் தண்டுவடத்தின் நடுக்கால்வாயாகவும் ஆகிறது. எண்பது வயதுக்காரரின் மண்டையை ஸ்கேன் செய்து பார்த்தாலும் நடுவில் கருப்பாகத் தெரிவது அந்த நான்காம் வாரத்துக் குழிவின் வளர்ந்த உருவமே.

குழல் மூடியதும் மேலடுக்கு அதன்மேல் ஒட்டிச் சேர்ந்து முதுகுத் தோலாகிறது. ஒரே தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த செல்கள்தான். உள்ளே அமிழ்ந்தது மூளை, வெளியே நின்றது தோல்.

எது அமிழ வேண்டும், எது நிற்க வேண்டும் என்று முடிவாவது எப்படி? இந்தக் கேள்வியோடு 1921, 1922 ஆண்டுகளின் வசந்தகாலங்களில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் உட்கார்ந்திருந்தவர் ஹில்டெ மங்கோல்ட். வயது இருபதுகளின் தொடக்கம். ஹான்ஸ் ஸ்பெமனின் முனைவர் பட்ட மாணவி. நியூட் என்று ஒரு பிராணி உண்டு. பார்வைக்குப் பல்லி, இனத்தால் தவளைக்குச் சொந்தம். அதன் கருக்கள்மேல்தான் ஆய்வு. அறுவைக் கருவிகள், கண்ணாடி ஊசியும் மெல்லிய முடியும். நிறம் குறைந்த நியூட் கருவிலிருந்து, செல்கள் உள்ளே மடிந்து நுழையும் விளிம்பின் மேலுதட்டைத் துணுக்காக வெட்டி எடுத்தார். நிறம் அடர்ந்த வேறொரு நியூட் இனத்துக் கருவில், வயிற்றுத் தோலாக ஆகியிருக்க வேண்டிய இடத்தில், அதைப் பதித்தார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம். பெரும்பாலான கருக்கள் செத்துப்போயின. பிழைத்து வளர்ந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றின் வயிற்றுப்பக்கத்தில் இரண்டாவது கரு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்கென்று ஒரு நரம்புக் குழல், ஒரு முதுகு அச்சு.

இரண்டு நிறத்தை அவர் தேர்ந்ததன் பயன் இங்கேதான் வெளிப்பட்டது. இரண்டாவது கருவின் நரம்புக் குழல் பெரும்பாலும் அடர் நிறத்தில் இருந்தது. அப்படியென்றால் பதித்த துணுக்கு தானே மூளையாகிவிடவில்லை. வயிற்றுத் தோலாக இருந்திருக்க வேண்டிய அண்டைச் செல்களை மூளையின் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறது. ஸ்பெமன் அந்தத் துணுக்குக்கு அமைப்பான் என்று பொருள்படும் பெயர் வைத்தார். ஆய்வு மங்கோல்டின் முனைவர் பட்ட ஆய்வு. 1924இல் கட்டுரை வந்தபோது முதலில் நின்றது பேராசிரியரின் பெயர். அதே ஆண்டு செப்டம்பரில் பெர்லினில் வீட்டுச் சமையலறையில் அடுப்பு வெடித்து, ஹில்டெ மங்கோல்ட் தீக்காயத்தில் இறந்தார். வயது 25. கைக்குழந்தை ஒன்று இருந்தது. 1935இல் ஸ்பெமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த அமைப்பான் அண்டைச் செல்களிடம் என்னதான் சொன்னது என்பதைத் தேடி அடுத்த தலைமுறை முழுக்க அலைந்தது. கொன்று பதித்தாலும் அமைப்பான் வேலை செய்தது. சம்பந்தமே இல்லாத ரசாயனங்களும் அதே வேலையைச் செய்தன. மெத்திலீன் நீலம் என்ற சாயம்கூட. தேடியவர்கள் சோர்ந்துபோனார்கள். விடை வந்தது 1990களில். 1992இல் நாகின், 1994இல் கார்டின் என்று, அமைப்பான் சுரக்கும் புரதங்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. அவற்றில் எதுவும் "மூளையாகு" என்று செல்லுக்குக் கட்டளை இடவில்லை. மேலடுக்குச் செல்களுக்கிடையே பிஎம்பி என்ற புரதம் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. "தோலாகு, தோலாகு" என்பது அதன் ஓயாத பேச்சு. நாகினும் கார்டினும் செய்வதெல்லாம் பிஎம்பியைப் பிடித்து வாயடைப்பதுதான். தவளைக் கருவின் மேலடுக்கைச் செல் செல்லாகப் பிரித்துப் போட்டு, ஒன்றின் பேச்சு மற்றதன் காதில் விழாமல் செய்தாலே, அந்தச் செல்கள் நரம்பாகிவிடுகின்றன. வேறு சமிக்ஞைகளுக்கும் இதில் பங்கு உண்டு, குறிப்பாகப் பறவைகளிலும் பாலூட்டிகளிலும். ஆனால் அடிப்படை அசையவில்லை. மூளையாவது அந்தச் செல்லுக்குள் முன்பே இருந்த சாத்தியம். இடையறாத ஒரு வற்புறுத்தலிலிருந்து அதற்கு விடுதலை தேவைப்பட்டது.

இதைப் படித்த நாளிலிருந்து கட்டளை, கட்டுப்பாடு என்ற சொற்களால் மட்டும் உடலை விவரிக்கும் எழுத்து எனக்கு உவப்பாக இல்லை. வளர்ச்சி என்றாலே மேலிருந்து ஒருவர் சொல்ல, கீழிருப்பவர் செய்வது என்றுதான் நம் கற்பனை பழகியிருக்கிறது. வகுப்பறையில் அப்படி, வீட்டிலும் அப்படி. கரு வேறு விதமாக நடந்துகொள்கிறது.

குழலில் பிறந்த நரம்புச் செல்கள் பிறகு என்ன ஆகின்றன என்று தேடியவர், மங்கோல்டோடு அதே ஆய்வகத்தில் படித்த விக்டர் ஹாம்பர்கர். யூதர். 1933இல் அமெரிக்காவில் இருந்தபோது நாஜி அரசு அவர் வேலையைப் பறித்தது, அங்கேயே தங்கிவிட்டார். அவர் கோழிக்கருவின் சிறகு மொட்டை வெட்டி எடுத்தால் தண்டுவடத்தின் அந்தப் பகுதி நரம்புச் செல்கள் குறைந்துபோவதைக் காட்டி 1934இல் எழுதிய கட்டுரை, இத்தாலியில் ரீட்டா லெவி-மொண்டால்சினி கைக்குக் கிடைத்தது. அவரும் யூதர். முசோலினியின் 1938ஆம் ஆண்டு இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, டூரின் நகரில் தன் படுக்கையறையில் ஆய்வகம் வைத்திருந்தார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கூராக்கி அறுவைக் கருவியாக்கினார். குண்டுவீச்சுக்குப் பயந்து குடும்பம் கிராமத்துக்குப் போனபோது சைக்கிளில் பண்ணை பண்ணையாகச் சென்று, கருவுற்ற முட்டைகளாகப் பார்த்துக் கேட்டு வாங்கினார். பிள்ளைகளுக்கு அதுதான் சத்து என்று காரணம் சொன்னார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

அந்த முட்டைகளில் அவர் கண்டது இது. சிறகை வெட்டிய கருவிலும் நரம்புச் செல்கள் வழக்கம்போலப் பிறக்கின்றன, இழை நீட்டுகின்றன. போய்ச் சேர வேண்டிய தசை அங்கே இல்லாததால் பிறகு செத்துப்போகின்றன. வெட்டாத கருவிலும் கதை முழுக்க வேறல்ல. கோழிக்கருவின் தண்டுவடத்தில் தசையை இயக்கப் பிறக்கும் செல்களில் ஏறக்குறையப் பாதி, முட்டைக்குள்ளேயே இறந்துவிடுகின்றன. நரம்பு போய்த் தொடும் இடத்திலிருந்து ஊட்டம் போல ஒன்று வர வேண்டும், வராதது மடியும். போருக்குப் பின் ஹாம்பர்கரின் அழைப்பில் அமெரிக்கா போய் அவர் தேடிப் பிடித்த நரம்பு வளர்ச்சிக் காரணி அப்படி ஒன்றுதான். அதற்காக 1986இல் ஸ்டான்லி கோஹெனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விரட்டப்பட்ட இருவர், விரட்டப்பட்டதாலேயே ஒருவரையொருவர் கண்டடைந்தார்கள். நரம்பு தன் இலக்கைத் தேடிப் போவதையும், இலக்கு கிடைக்காத நரம்பு அழிவதையும் படித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் அவர்களைச் சுற்றி என்ன நடந்தது என்பதை என்னால் தனியே வைத்துப் பார்க்க முடியவில்லை.

குழலின் மடிப்பு விளிம்பிலிருந்து, மூடும் வேளையில் ஒரு கூட்டம் செல்கள் கழன்று உடலெங்கும் நடந்துபோவதையும் சொல்லியாக வேண்டும். நரம்பு முகடு என்பார்கள். குடலின் நரம்புகள், தோலின் நிறச் செல்கள், முகத்து எலும்புகளில் பல, பயந்தால் அட்ரினலின் சுரக்கும் சுரப்பியின் உட்பகுதி எல்லாம் இவற்றின் வாரிசுகள். அதைத் தனியே எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

நரம்புக் குழல் மூடாமல் போனால்? தலைப்பக்கம் மூடாத கருவுக்கு மூளையின் பெரும்பகுதியும் மண்டையோட்டின் மேற்பகுதியும் உருவாவதில்லை. பிறந்தாலும் சில மணி நேரமோ சில நாட்களோதான். கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் அது ஸ்பைனா பைஃபிடா. எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு அப்படி ஒரு பையன் பிறந்தான். இடுப்புக்குச் சற்று மேலே, எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு; மேலே படர்ந்திருந்த தோல் அவ்வளவு மெல்லியதாக, பளபளப்பாக, உள்ளே நீர் அசைவது தெரியும்படி இருந்தது. குப்புறப் போட்டே வைத்திருந்தார்கள். கால் விரலைக் கிள்ளினால் மற்றப் பிள்ளைகள் காலை இழுத்துக்கொள்ளும். அவன் இழுக்கவில்லை. பார்க்க வந்த பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசியது எல்லாம் கிரகணத்தைப் பற்றி. ஆறாம் மாதத்தில் கிரகணத்தன்று அவள் கொல்லைப்புறம் போனாளாம், அரிவாள்மணையில் காய் நறுக்கினாளாம். அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று நறுக்கினோமா இல்லையா என்று அவளே யோசித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். ஆறாம் மாதத்தில் எந்த வானத்தில் எது நடந்திருந்தாலும் அந்தக் குழல் மூட வேண்டிய நாள் கடந்து ஏறக்குறைய நான்கு மாதம் ஆகியிருந்தது. இதை அவளிடம் யாராவது அப்போது சொல்லியிருக்க வேண்டும். அறிவியலை ஊர்மொழியில் எழுதுவதன் தேவையை நான் வேறு எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை.

காரணம் பெரும்பாலும் ஒன்றல்ல. மரபணு, சர்க்கரை நோய், வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் என்று பலவற்றுக்குப் பங்குண்டு. ஆனால் தடுக்கக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது. குழல் மூடும் நாட்களில் செல்கள் வெறித்தனமான வேகத்தில் பெருகுகின்றன. டிஎன்ஏவைப் பிரதியெடுக்க ஃபோலேட் வேண்டும். கீரை, பயறு, ஈரலில் இருக்கும் பி வைட்டமின் அது. ஃபோலேட்டைக் கண்டுபிடித்த கதை நம் ஊர் வழியாகத்தான் போகிறது.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய் வந்தார். துணி ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள் கர்ப்பகாலத்தில் கடும் சோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தார்கள். ஏழைகளின் சாப்பாட்டில் ஏதோ குறைகிறது என்பது அவர் ஊகம். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் எலிகளை வைத்து ஆராய்ந்தார். 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் பணிபுரிந்தார். இன்றைய பெயர் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு இன்றும் அது கோஷா ஆஸ்பத்திரிதான். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தால் இந்தச் சோகை குணமாகிறது என்று கண்டு எழுதினார். அதிலிருந்த பொருள் இன்னதென்று அப்போது தெரியாது. வில்ஸ் காரணி என்றே அழைத்தார்கள். அது ஃபோலேட்.

ஃபோலிக் அமிலத்தை 1940களின் நடுவில் ஆய்வகத்தில் செய்து காட்டியது, அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தில் எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையிலான குழு. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் அறுவைசிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் அதற்கு ஒரு படி கீழான சான்றிதழோடு வெளியே வந்தவர். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு உடன்பிறப்பைப் பறிகொடுத்தவர். அந்த நோய்க்கும் ஃபோலிக் அமிலமே மருந்தானது. ஃபோலேட்டின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தும் அவர் ஆய்வகத்திலிருந்து வந்ததே. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு அது முதல் நம்பிக்கை தந்தது. அதே மருந்தைக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் உட்கொண்ட பெண்களின் கருக்களில் ஊனங்கள் உண்டானதை 1950களில் மருத்துவர்கள் கவனித்தார்கள். பிரிட்டனில் ஹிப்பர்டும் ஸ்மிதெல்ஸும் 1965இல் ஃபோலேட் குறைவையும் பிறவிக் குறைகளையும் இணைத்து எழுதினார்கள். ஐயம் தீர்ந்தது 1991இல். ஏற்கெனவே இப்படிக் குழந்தை பிறந்த பெண்களுக்கு, ஏழு நாடுகளின் 33 மையங்களில், கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தும் கொடுக்காமலும் நடந்த சோதனை அது. முடிவு தெரிந்த 1195 கர்ப்பங்களில் 27 குழந்தைகளுக்குக் குழல் மூடவில்லை. ஃபோலிக் அமிலம் எடுத்த தாய்மாரிடத்தில் 6, எடுக்காதவரிடத்தில் 21. அதாவது 72 விழுக்காட்டுப் பாதுகாப்பு. அதன்பின் சோதனையைத் தொடர்வது நியாயமில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

கருத்தரிக்கும் முன்பிருந்தே என்ற அந்த நிபந்தனையில்தான் நம் வழக்கங்கள் எல்லாம் தடுக்கி விழுகின்றன. நம் வீடுகளில் ஒரு பெண்ணின் தட்டைக் கவனிப்பது அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த பிறகு. அதுவரை எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் சட்டியில் மிஞ்சியதைத் தின்றவளுக்கு, திடீரென்று பழமும் பாலும் வருகின்றன. "ரெண்டு உசுருக்குச் சாப்பிடு" என்கிறார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு. புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் என்று தாம்பாளம் தாம்பாளமாக. எனக்கு வளைகாப்பு பிடிக்கும், அந்தக் கண்ணாடி வளையல் ஓசையும் பிடிக்கும். ஆனால் அந்தச் சோறு குழல் மூடிய நாளுக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் தாமதமாக வருகிறது. அரசின் மாத்திரையும் அப்படியே. இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரை தினமும் தொடங்குவது நான்காம் மாதத்தில். கருத்தரிக்கும் முன்பும் முதல் மூன்று மாதமும் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் நாள் தள்ளி, காத்திருந்து, உறுதிசெய்துகொண்டு பதிவுக்கு வரும் பெண்ணுக்கு அந்த முதல் மாதம் ஏற்கெனவே கழிந்துபோயிருக்கிறது.

குழந்தையின் மூளைக்காகத் தாயைக் கவனிப்பது என்ற கணக்கே இங்கே செல்லாது. யாருக்கும் தாயாக இல்லாதபோது, தனக்காகவே ஒரு பெண் நன்றாகச் சாப்பிட்டிருந்தால் மட்டுமே அந்த இரண்டு வாரம் நல்லபடி கழியும். அவள் உடம்பு அவளுடையது என்ற எண்ணத்துக்கு இதைவிட வலுவான உயிரியல் சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடங்களில் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்கள். ரத்தசோகைக்கு என்று சொல்லித் தருகிறார்கள், அது சரி. குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பல பிள்ளைகள் அதை ஜன்னல் வழியாக வீசிவிடுவதும் நடக்கிறது. அந்த மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். நரம்புக் குழல் குறைகளையும் கணக்கில் கொண்டு, மாதவிலக்கு வரும் பெண்களுக்கு வாரம் ஒருமுறை கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 2800 மைக்ரோகிராம்.